மாத்திரையோடு வராத விளக்கம்

பெண்கள் கூட்டம் நடத்தும் தோழர்களுக்கு இது பழகிய விஷயம். கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பேசி முடித்து, டீ குடித்து, பாயைச் சுருட்டும் நேரத்தில் ஒருவர் மெதுவாக ஓரமாக வருவார். "அக்கா, மாத்திரையை நிறுத்திட்டேன். மூணு மாசமா குளிக்கல. கர்ப்பமும் இல்ல. உள்ள ஏதாச்சும் கெட்டுப்போச்சா?" என்று கேட்பார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவருக்கு மாதம் இரண்டு முறை வருகிறது. இன்னொருவருக்கு முன்பு இல்லாத வலி, முன்பு இல்லாத போக்கு.

கருத்தடை மாத்திரையை நிறுத்திய பிறகு மாதவிடாயில் வரும் மாற்றங்கள் மருத்துவத்துக்குப் புதிதல்ல. இந்த மாத்திரை உலகத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பது தெரிந்த சங்கதி. மாத்திரையை வாங்கிய பெண்ணுக்கு மட்டும் அது சொல்லப்படவில்லை. யாருக்குச் சொல்கிறார்கள், யாருக்குச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்த்தால் அதில் சாதியும் வர்க்கமும் தெரிகின்றன. அதனால்தான் இதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் உடம்பு

அரசியலுக்குப் போவதற்கு முன் உடம்பில் நடப்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். நாளை உங்களிடம் ஒரு பெண் கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்.

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அதில் 21 மாத்திரைகளில்தான் ஹார்மோன் இருக்கிறது. நிறம் மாறியிருக்கும் மீதி ஏழும் இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் நாட்களில் சினைப்பை கருமுட்டையை வெளியே விடாது. அந்த ஏழு நாட்களில் ஹார்மோன் நிற்பதால் கர்ப்பப்பையின் உள்பூச்சு உதிர்ந்து ரத்தம் வருகிறது. பார்க்க மாதவிடாய் போலவே இருக்கும். ஆனால் கருமுட்டை வெளியேறி, அதன் பிறகு உடம்பே தன் கணக்கில் கொண்டுவரும் மாதவிடாய் அது இல்லை. அதனால்தான் மாத்திரை சாப்பிடும்போது தேதி தப்பாமல், போக்கு குறைவாக, வலியும் குறைவாக வருகிறது. பல பெண்கள் "மாத்திரை சாப்பிட்டப்போ ஒழுங்கா வந்துச்சு, விட்டதும் கெட்டுப்போச்சு" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த ஒழுங்கு மாத்திரையினுடையது.

மாத்திரையை நிறுத்தினால் இரண்டு நான்கு நாட்களில் ஒரு முறை ரத்தம் வரும். அதற்குப் பிறகு மூளையும் சினைப்பையும் தங்கள் பழைய வேலையை மறுபடி தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அடுத்தது நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வந்துவிடும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். முதல் சில மாதங்கள் நாள் முன்பின் ஆவதும், போக்கு கூடுவதும் குறைவதும் வழக்கம்.

இன்னொன்று, மாத்திரைக்கு முன்பு இருந்தது திரும்பி வரும். வயசுக்கு வந்த நாளிலிருந்தே வலியோடு இருந்தவருக்கு வலி திரும்பும். நீர்க்கட்டிப் பிரச்சினையால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் அப்படியே வரலாம். மாத்திரை அதை இத்தனை நாள் மூடி வைத்திருந்தது. 24 வயதில் தொடங்கி 30 வயதில் நிறுத்தியவர் 24 வயதின் மாதவிடாயை எதிர்பார்க்கவும் முடியாது. நடுவில் எடை மாறியிருக்கும், ரத்தசோகை வந்திருக்கும், தைராய்டு வந்திருக்கும்.

இரண்டு விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள். ஒன்று, கருத்தடை மாத்திரை மலட்டுத்தன்மையை உண்டாக்காது. இரண்டு, நிறுத்திய பிறகு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருத்தரிக்க முடியும். கருமுட்டை முதலில் வரும், ரத்தம் அதற்குப் பிறகுதான் வரும். "இன்னும் குளிக்கலையே, ஒண்ணும் ஆகாது" என்று நம்பிக் கர்ப்பமானவர்கள் உண்டு. குழந்தை வேண்டாம் என்றால் நிறுத்திய அன்றே வேறு வழி வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? மூன்று மாதமாக வரவில்லை என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. அதற்கான நிஷ்சய் கிட் அரசுத் திட்டத்தில் இலவசம், துணை சுகாதார நிலையத்தில் கேட்கலாம். கர்ப்பம் இல்லை என்றால் தைராய்டு, நீர்க்கட்டி, மற்ற ஹார்மோன்களைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, தொடர்ந்து சில மணி நேரம் அப்படியே போனாலோ, எட்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, தாங்க முடியாத வலி, காய்ச்சல், துர்நாற்றம் இருந்தாலோ, உடலுறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. அவற்றை "மாத்திரையை விட்டதால்தான்" என்று தள்ளிவிடுவதும் ஆபத்து.

எந்த மாத்திரை?

களத்தில் பெண்கள் எல்லாவற்றையும் "மாத்திரை" என்றே சொல்வார்கள். பதில் சொல்வதற்கு முன் எந்த மாத்திரை என்று கேளுங்கள். முடிந்தால் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

சாயா என்பது ஹார்மோன் இல்லாத மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. இதைச் சாப்பிடும்போதே மாதவிடாய் தள்ளிப்போகலாம், குறையலாம். இதை முன்பே சொல்லாவிட்டால் முதல் மாதமே பயந்துவிடுவார்கள்.

அந்தரா மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஹார்மோன் ஊசி. போட்டுக்கொள்ளும் காலத்தில் ரத்தம் விட்டு விட்டு வரலாம், வராமலே போகலாம். நிறுத்திய பிறகு மறுபடியும் கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து சராசரியாக ஏழு முதல் பத்து மாதம் ஆகும். மாத்திரையின் கணக்கு இதற்குப் பொருந்தாது. அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு இதைச் சொல்லாமல் ஊசி போடுவது அநியாயம்.

மூன்றாவது, யாரும் மருந்தாகவே எண்ணாத ஒன்று. கோயில் திருவிழா, கல்யாணம், காது குத்து என்றால் 'தள்ளிப்போட' மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரை. பெரும்பாலும் நார்எதிஸ்டிரோன். சீட்டு கேட்பதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும், அடுத்த மாதத் தேதியும் மாறலாம். தள்ளிப்போடுவதற்காக விழுங்கும் அந்த மாத்திரையைக் கருத்தடையாக நம்பக் கூடாது. இதையும் யாரும் சொல்வதில்லை. ஏன் விழுங்குகிறோம் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். தீட்டு என்று சொல்லி நம் முன்னோரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதே சொல்லுக்குப் பயந்து நம் வீட்டுப் பெண்கள் இன்று மாத்திரை வாங்குகிறார்கள். தீட்டை எதிர்த்து மேடையில் பேசும் நாம், அம்மன் கூழுக்கு முன்னால் தங்கச்சி மாத்திரை விழுங்குவதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறோம்.

யாருக்குச் சொல்லப்படவில்லை

தேசியக் குடும்ப நல ஆய்வு ஒரு நல்ல கேள்வியைக் கேட்கிறது. இப்போது கருத்தடை முறை பயன்படுத்துகிறவர்களிடம், "இந்த முறையின் பக்கவிளைவுகளை உங்களுக்கு யாராவது எப்போதாவது சொன்னார்களா?" என்று. 2019-21இல் எடுத்த ஐந்தாவது ஆய்வில் ஆம் என்றவர்கள் இந்திய அளவில் 62.4 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆய்வில் 46.5. ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பத்தில் நான்கு பேருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'சொன்னோம்' என்ற கணக்கிலும் என்ன சொன்னார்கள், எந்த மொழியில், யார் முன்னால் வைத்துச் சொன்னார்கள் என்பது இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு. இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காடு பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண்களின் ஆபரேஷன் பாதிக்கும் மேல். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் மாநிலத்தில் மிகக் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டால் "நம்ம பொம்பளைங்களுக்குத் தினமும் ஞாபகமா சாப்பிடத் தெரியாது" என்று பதில் வரும். சுகாதாரத் துறையில் வேலை பார்ப்பவர்களிடமே நான் இதைக் கேட்டிருக்கிறேன். "காலனியில சொன்னா புரியாது, ஆபரேஷனே பண்ணிவிட்டுடலாம்" என்பது அதன் அடுத்த வரி. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளையை அனுப்பி, ஏழு மணி வண்டிக்கு நிற்கிற பெண்ணுக்கா ஞாபகமில்லை?

கிராம சுகாதார செவிலியரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் பேர் என்பது விதி. தடுப்பூசி, கர்ப்பிணிப் பெண்கள் பதிவு, கணினியில் ஏற்றம் எல்லாம் அவர் தலையில். எத்தனை அட்டை கொடுத்தார் என்று மேலே கேட்பார்கள். எத்தனை பேருக்குப் புரியும்படி விளக்கினார் என்று ஒருபோதும் கேட்பதில்லை. நேரம் குறையும்போது யாரிடம் முதலில் சுருக்கிக்கொள்வார்கள்? எதிர்க் கேள்வி கேட்காதவர்களிடம். நாற்காலியில் உட்காரச் சொல்லப்படாதவர்களிடம். சாதி இங்கே திட்டாகவோ அடியாகவோ வருவதில்லை, இரண்டு நிமிட விளக்கம் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். வன்கொடுமை வழக்கில் இதை எழுத முடியாது. அதனாலேயே நம் அறிக்கைகளில் இது வருவதில்லை.

விளக்கம் இல்லாத இடத்தில் வேறு வந்து உட்காரும்

நிறுத்திய பிறகு மூன்று மாதம் வராவிட்டால் வீட்டில் என்ன நடக்கும்? மாமியார், "கண்ட மாத்திரையைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டா" என்பார். குழந்தைக்காகவே நிறுத்தியவர் என்றால் 'மலடி' என்ற சொல் அதற்குள் தெருவுக்கு வந்திருக்கும். மந்திரிப்பு, நாட்டு மருந்து, பிறகு டவுன் கிளினிக். கிளினிக்கில் எடுத்ததும் ஸ்கேன். இரண்டு நாள் கூலி போகும், ஸ்கேனுக்குக் கடன். "கொஞ்சம் பொறுங்கள், கர்ப்பம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்" என்ற ஒரு வரி செலவில்லாமல் செய்திருக்கும் வேலை இது.

போக்கு அதிகமானவருக்குப் பாதை இன்னும் மோசம். "கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டது." மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் இது எங்கே போய் முடிந்தது என்று 2019இல் நாடே பார்த்தது. அரசு அமைத்த குழு சுமார் 82,000 பெண்களிடம் விசாரித்தபோது 13,000க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள் என்று தெரிந்தது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் முகவர் அபராதம் பிடிப்பார், அதற்குப் பயந்து, சின்ன வயதிலேயே. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையில்லாமல் நடந்த கர்ப்பப்பை அறுவைகள் குறித்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த அறுவைகளுக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள்.

நம் மாநிலத்திலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. மாதவிடாய் வலி என்று சொன்ன ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுக்குப் பெயர் எழுதாத மாத்திரைகளை வேலையிடத்திலேயே கொடுத்து மெஷினில் உட்கார வைத்ததை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தி வெளியே கொண்டுவந்தது. அவை வலிநிவாரணிகள். கருத்தடை மாத்திரை அல்ல. ஆனால் முறை ஒன்றுதான்: விழுங்கு, கேட்காதே.

நம் பக்கத்துக் குறை

இரண்டு மறுப்புகள் வரும். முதல் மறுப்பு மருத்துவப் பக்கத்திலிருந்து: பக்கவிளைவைச் சொன்னால் பயந்து விட்டுவிடுவார்கள். நடப்பு வேறு. கருத்தடை ஊசி பற்றிச் சீனாவிலும் மெக்சிகோவிலும் நடந்த ஆய்வுகளில், ரத்தப்போக்கு மாறும் என்று முன்பே விரிவாகச் சொல்லப்பட்ட பெண்கள்தான் அதிகம் பேர் தொடர்ந்தார்கள். சொல்லாமல் விடப்பட்டவர்கள்தான் பயந்து பாதியில் விட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு நம் ஆட்களிடமிருந்து. வாட்ஸ்அப் குழுக்களில், "அரசு நம் இனத்தைக் குறைக்கத்தான் மாத்திரை கொடுக்கிறது, சாப்பிட்டால் குழந்தையே பிறக்காது" என்று சில தோழர்கள் பகிர்கிறார்கள். அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஏழைகளைப் பிடித்து ஆபரேஷன் செய்த நாடு இது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அரசை நம்பாமல் இருக்க நமக்குக் காரணம் உண்டு. ஆனால் பொய்யைப் பரப்ப அது காரணமாகாது. மாத்திரை விஷம் என்று சொல்லும்போது, தானே தொடங்கித் தானே நிறுத்தக்கூடிய ஒரு முறையைப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்குகிறோம். அவருக்கு மிச்சமிருப்பது அந்த ஆபரேஷன் மேசைதான்.

நம் தலைவர்கள் இதில் குழம்பவில்லை. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானத்தை அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கொண்டுவந்தது. அம்பேத்கருக்காக அதை அவையில் முன்வைத்துப் பேசியவர் பி.ஜே. ரோஹம். தீர்மானம் தோற்றது. பெரியார் அதற்கும் முன்பிருந்தே குடிஅரசில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். நாட்டின் மக்கள் தொகைக்காகவோ குடும்பச் சொத்துக்காகவோ கருத்தடை கேட்பவர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். அவர்கள் கேட்டதில் பாதி வந்திருக்கிறது. அட்டை வந்துவிட்டது. அதைப் புரிந்து முடிவெடுக்கும் உரிமை வரவில்லை.

அந்த உரிமை சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சைக்கு முன் அதன் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்லியே சம்மதம் பெற வேண்டும் என்றது. அந்த வழக்கே, மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்ததால் வந்ததுதான்.

என்ன செய்யலாம்

அடுத்த கிராம சபையில் மூன்று கோரிக்கை வையுங்கள். மாத்திரை அட்டையோடு எளிய தமிழில் ஒரு தாள்: எப்படிச் சாப்பிடுவது, நிறுத்தினால் என்ன மாறும், எப்போது டாக்டரிடம் வருவது. படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே செவிலியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுகாதார நிலையத்தில் மூன்றாவது ஆள் காதில் விழாமல் பேச ஓர் இடம். நிஷ்சய் கிட் இருப்பு எவ்வளவு என்று பலகையில் எழுத வேண்டும்.

மாணவத் தோழர்கள் மே 28இல் நாப்கின் விநியோகம் செய்து படம் போடுகிறார்கள். நல்லது, செய்யுங்கள். புதுயுகம் திட்டத்தில் அரசே பத்து வருடத்துக்கும் மேலாக நாப்கின் கொடுக்கிறது. அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மேலே எழுதியதைப் பேசுங்கள். மருத்துவம், நர்சிங் படிக்கும் நம் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 0.3 விழுக்காடு என்ற எண்ணை மறுபடி பாருங்கள். உங்கள் துணைவி மாத்திரையை நிறுத்தினால், உடம்பு தன் கணக்குக்குத் திரும்பும் அந்த மூன்று மாதம் ஆணுறை உங்கள் பொறுப்பு. அவருக்கு வலி திரும்பினால் அடுப்படி உங்களுடையது. நாள் தள்ளிப்போனால் "என்ன ஆச்சு" என்று அம்மாவை விட்டுக் கேட்காமல், பரிசோதனை கிட்டை நீங்கள் போய் வாங்கி வாருங்கள். மருந்துக் கடையில் கேட்க வெட்கமாக இருந்தால், இத்தனை நாள் அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜெய் பீம்.